பால் கணக்கு

மாஹ்தே பிறந்த வாரம்
சூரியன் வார்டோவை விட்டுப் போயிருந்தது.
இரண்டு மாதம் எட்டிப்பார்க்காது.
இங்கே அது வழக்கம்தான், யாரும் தேடுவதில்லை.

தூர்கெய்ருக்கு நண்டுத் தொழிற்சாலையில் வேலை,
கொதிகலன் பக்கம்.
பழைய நேரங்காட்டி ஒன்றைக் கொண்டுவந்தான்.
திருகிவிட்டால் இருபது நிமிடம் கழித்து மணியடிக்கும்,
நண்டு வெந்தது என்று அர்த்தம்.
குழந்தைச் செவிலி குன்வோர் எழுதிவைக்கச் சொன்னாள்:
எந்தப் பக்கம், எத்தனை நிமிடம்.

இடது, நாற்பத்தேழு.
வலது, முப்பத்தெட்டு. பாதியில் தூங்கிவிட்டான்,
உள்ளங்காலைச் சுண்டினேன், திரும்பப் பிடித்தான்.
இடது, ஐம்பத்திரண்டு.
இரண்டு கூடை நண்டு வெந்தும்
இவன் முடித்தபாடில்லை.

நண்பகலிலும் ஜன்னல் கறுப்பு.
துறைமுகத்தில் மூன்று விளக்கு.
கை எட்டாத தூரத்தில் காபி,
மேலே ஏடு படிந்து,
பிறகு அந்த ஏடும் சுருங்கி.
எத்தனை கோப்பை அப்படி ஆறிப்போனது
என்று எழுதிவைக்க யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் சூரியன் திரும்பிய அன்று
பள்ளிக்கு அரைநாள் விடுமுறை.
ஊரே மேட்டில் ஏறி நின்று
ஜாம் வைத்த உருண்டை ரொட்டி தின்றது.
நான் போகவில்லை. வலது, இருபத்தொன்பது.
எனக்கும் ஒரு ரொட்டி வந்தது, தூர்கெய்ரின் சட்டைப்பையில் நசுங்கி.
“எவ்வளவு நேரம் இருந்தது?” என்றேன்.
“இவனைவிடக் குறைவுதான்” என்றான்.

மார்ச்சில் பதினைந்து. பிறகு பதினொன்று.
பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிய வாரம் ஒன்பது.
ஏப்ரலில் ஒருநாள் ஆறு.
ஆறே நிமிடம்,
வாயைத் துடைத்துக்கொள்ளாத குறையாக
என்னைத் தள்ளிவிட்டான்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று பிதுக்கிப் பார்த்தேன்.
வந்தது. போதுமா என்று எப்படித் தெரியும்?
மார்பில் அளவுக்கோடு போட்டா இருக்கிறது?
குன்வோர் அவனைத் தராசில் கிடத்தினாள்.
முள் நடுங்கி நின்றது, ஏழு கிலோ இருநூறு.
“நீ வற்றவில்லை ரிஸ்தென்,
அவன் வேலை பழகிவிட்டான்.”
தூர்கெய்ரும் ஒத்து ஊதினான்:
புதிதாகச் சேர்ந்த பையன்கள்
முதல் வாரம் ஒரு நண்டு உடைக்க ஒரு யுகம்,
நாலாம் மாதம் பேசிக்கொண்டே உடைப்பார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி.
அன்றிரவு எனக்குத்தான்
மடி சீக்கிரம் காலியாகிவிடுகிறது.

மே மாதம் ஜன்னல் விளிம்பில் கடற்புறாக்கள் கூடு கட்டின.
ஒவ்வொரு கத்தலுக்கும் தலையைத் திருப்புவான்,
காம்பை விடாமலே.
ரப்பர் என்று நினைப்பு.
பிறகு எனக்கு ஒரு சிரிப்பு,
வாய் ஓரத்தில் பால் வழிய,
திரும்பவும் பறவை.
இதில் குடித்தது எது, வேடிக்கை எது?
எல்லாம் சேர்த்து ஐந்து என்று எழுதினேன்.

ஜூனில் சூரியன் இறங்கவே இல்லை.
படுக்கையறை ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டியும்
ஒரு கீற்று உள்ளே வந்தது.
முதல் பல்லுக்கு ஈறு வீங்கிக்
காய்ச்சலாய்க் கிடந்த இரவு
பழையபடி பிடித்தான்,
கண்ணை மூடி, முஷ்டியைத் திறந்து,
விழுங்குவதற்கு மட்டும் நிறுத்தி நிறுத்தி.
அலமாரிப் பிடியில் இருந்த கீற்று
கட்டில் கால்வரை நகர்ந்துவிட்டது.
நேரங்காட்டியைத் திருகவில்லை.
அந்த இரவு நோட்டில் இல்லை.

மறுநாள் காலை நான்கு நிமிடம்.
தவழ்ந்து போய்விட்டான், பூனையின் தட்டை நோக்கி.
நோட்டின் மீதிப் பக்கங்களில் தூர்கெய்ர்
கூரைக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் என்று
கூட்டிக்கொண்டிருக்கிறான்.
நான் இன்னும் பொத்தான் போடவில்லை.
இடது பக்கம் தானாகச் சொட்டுகிறது.
கோப்பையை எடுத்து அவசரமாக ஒரு வாய் குடித்தேன்,
பழக்கதோஷம், ஆறியிருக்கும் என்று.
நாக்கு வெந்துவிட்டது.