வந்தாறுமூலை 7.40

நாலரைக்கே நூலகம் வெறுமையாகும்.
கதிரவெளிக்குக் கடைசி பஸ் ஐந்து மணி.
கதிரைகள் இழுபடும் சத்தம்,
பிறகு மின்விசிறி மட்டும்.
இரவு எட்டுவரை திறந்திருக்கும் என்று
வாசல் பலகையில் எழுதியது நான்தான்.
யாருக்கு என்று கேட்க
ஆள் இருக்கவில்லை.

ஐப்பசியில் தரம் பார்க்க வந்தார்கள்.
நூல்கள் எத்தனை, கணினிகள் எத்தனை,
ஒரு மாணவருக்கு எத்தனை சதுர அடி.
கேட்ட எண்ணெல்லாம் கொடுத்தோம்.
பஸ்ஸை எழுத
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

மாகாணப் போக்குவரத்துக் கந்தோருக்கு
எங்கள் றிஸ்மியா போட்ட கடிதம்
எப்படியோ ஒரு மேசையில் தங்கிவிட்டது.
அங்கே யாரோ
(அவருக்கும் வாகரையில் ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம்)
நேர அட்டவணையில் ஒரு வரி சேர்த்தார்.
அவ்வளவுதான். நாடா வெட்டவில்லை,
கல்வெட்டில் பேர் பொறிக்கவில்லை.

தையில்
ஆறு மணிக்குப் பிறகும் முப்பத்தொரு பேர்.
எண்ணுவது என் வேலையில்லை,
எண்ணினேன்.
திறக்காத அலுமாரி ஒன்றின் பூட்டுக்கு
தேங்காயெண்ணெய் விட்டேன்.
சிவதர்சனா, பனிச்சங்கேணி,
விலங்கியல் இரண்டாம் வருடம்.
நண்டுகளைப் பற்றிய தடித்த புத்தகம்,
வீட்டுக்குக் கொடுக்க முடியாதது.
ஒரு மாலைக்கு எட்டுப் பக்கம்.
"அக்கா, எங்கட களப்பு நண்டு
இதில இல்லையே" என்றாள் ஒருநாள்,
கள்ளனைக் கையும் களவுமாய்ப் பிடித்தவள்போல.
அந்த முகத்தை
எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பேன்?

ஆவணியில் பரீட்சை லீவு.
வெறும் சீற்றுகளோடு ஓடியது பஸ்.
மாகாணத்தில் புதுச் செயலாளர்,
புதுச் சுற்றறிக்கை, நட்டக் கணக்கு.
லீவு முடிய எல்லாரும் வந்தார்கள்,
பஸ் வரவில்லை.

புரட்டாதியில் அறிக்கை வந்தது.
நூலகக் கட்டிடம்: திருப்தி.
மாலைநேரப் பாவனை: மிகக் குறைவு,
மாணவரிடம் வாசிப்பு ஆர்வம் போதாது.
இருபத்தேழாம் பக்கம்,
பளபளப்பான தாள்.

சிவதர்சனா இப்போது
மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறாள்.
நாலு பக்கம்தான் முடிகிறது.
சில நாள் மூன்று.
பசித்த வயிறு மேசையில் சத்தம் போட
வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள்.

றிஸ்மியா இன்னொரு கடிதம் எழுதுகிறாள்.
"மாணவர் பலர்" என்று தொடங்கியிருந்தாள்.
வெட்டச் சொன்னேன்.
முப்பத்தொரு பேர் என்று போடு,
கேட்டால் சொல்,
எண்ணினவள் இங்கேதான் இருக்கிறாள்,
எட்டு மணிவரை.