ஒரு சமயத்தில் ஒன்று

கோண்டாரிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம்,
அப்புறம் கழுதைப் பாதை.
தைல மரங்களுக்குக் கீழே மிக்காயேல் ஊற்று.
விடியுமுன்பே வரிசை நிற்கிறது:
மஞ்சள் கேன்கள், வெள்ளைப் போர்வைகள்,
இரவெல்லாம் பட்டினி கிடந்த வயிறுகள்.
சாப்பிட்டுவிட்டு வந்தவள்
பனிக்கட்டிப் பெட்டியோடு நான் ஒருத்திதான்.

மூன்று குப்பிகளில் பிடித்தேன்.
பாறை வாயில் ஒன்று,
கேன்கள் நிரம்பும் குழாயில் ஒன்று,
மெய் நனைக்கும் தொட்டியில் ஒன்று.
நாற்பத்து நான்கு டிகிரியில் ஓரிரவு வைத்தால்
உயிரோடிருப்பது
மஞ்சள் புள்ளியாக எழுந்து வரும்.
தொட்டி நீரில் எழுபத்து மூன்று.
இரண்டு முறை எண்ணினேன்.
ஆறு வருடம் காத்திருந்தவள் என்பதால்
மூன்றாம் முறையும் எண்ணினேன்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
குடிக்க உகந்தது. உகந்ததல்ல.
மெய், பொய் என்று கட்டமில்லை.
இருந்திருந்தால்
பேனா என்னைக் கேட்டிருக்காது.

என் தம்பி முலுஆலெம்
இந்தத் தொட்டியில்தான் நின்றான்,
காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டு,
நாற்பது நாள், நாளுக்கு மூன்று குவளை.
மழை ஓய்வதற்குள் புதைத்தோம்.
பக்கத்து வீட்டு வொயின்ஷெத்தும் இங்கேதான் நின்றாள்
இருபது வருடக் குடியோடு.
இன்றுவரை சாராயத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை.
ஒரே பாறை, ஒரே நீர்.
எதோடு எதைக் கூட்டிச் சராசரி எடுப்பது?

ஊற்றைக் காக்கும் துறவி என்னைவிட இளையவர்,
தாடி இன்னும் கன்னத்தை மூடவில்லை.
ஆனாலும் எங்கள் வழக்கப்படி
அப்பா என்றுதான் அழைக்க வேண்டும்.
அப்பா ஃபிசேஹா.
சண்டைக்கான வாக்கியங்களை
வண்டியிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.
அவர் காகிதத்தைப் படித்தார்.
"குளோரின் எவ்வளவு போட வேண்டும்?"
பிறகு, தயங்கி,
"போட்டபின் இது என்ன?"
தண்ணீர் என்றேன்.
"போடுமுன்?"
தண்ணீர்.
"அப்படியானால் ஒன்றும் குறையாது."
இதில் யார் வென்றது என்று
இன்னும் எனக்குப் புரியவில்லை.

கடைசியில் தம்பியின் பெயரைச் சொன்னேன்.
எறிவதற்கென்றே கொண்டு வந்த கல் அது.

அவருக்கு நினைவிருந்தது.
"மாத்திரையை இந்த நீரிலேயே விழுங்கு என்றேன்.
மூன்று தடவை சொன்னேன், கேட்கவில்லை.
இரண்டும் சேர்ந்தால்
எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும்?
ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்,
மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்,
அக்கா சொல்லியிருக்கிறாள் என்றான்."

சொல்லியிருக்கிறேன்.
அவனுக்குப் பதின்மூன்று வயது.
இரண்டு டப்பாக்களில் அவரை விதை,
ஒன்றுக்கு வெயில், ஒன்றுக்கு அலமாரி இருட்டு.
மண் ஒன்றே, நீர் ஒன்றே.
இருட்டில் முளைத்தது
வெளுத்து, கிடுகிடுவென உயர்ந்துவிட்டது.
இதுதான் ஜெயித்தது என்று குதித்தான்.
பொறு, இன்னும் ஒரு வாரம் பார் என்றேன்.

ஆறு வருடம் நினைத்திருந்தேன்:
நம்பினான், அதனால் செத்தான்.
நம்பியிருந்தால்
மாத்திரையையும் விழுங்கியிருப்பான்.
மெய் எதுவென்று பார்க்க
மெய்யையே குப்பியாக்கினான்.
மற்றதெல்லாம் அப்படியே இருக்கவில்லை முலு,
நுரையீரல் காத்திருக்கவில்லை.

உகந்ததல்ல என்று குறியிட்டேன்.
எழுபத்து மூன்று என்பது மெய்.
அதற்கு மேல் ஒரு வரி எழுத
அந்தக் காகிதத்தில் இடமில்லை, எனக்கும் துணிவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறு மாதிரி எடுக்கப் போனேன்.
தொட்டியில் குளோரின் நெடி.
"மிக்காயேல் வாளைத் தீட்டியிருக்கிறார் போல"
என்றாள் வொயின்ஷெத், கேனை இறக்கியபடி.
வரிசை குறைந்திருக்கிறதா பார்ப்போம் என்று
தலைகளை எண்ணத் தொடங்கினேன்.
எழுபதை நெருங்கும்போது
ஒரு குழந்தை குறுக்கே ஓடியது,
இரண்டு பேர் இடம் மாறி நின்றார்கள்.
விட்டுவிட்டேன்.