கூடு வெறுமை

புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு இறங்குகிற சரிவில்,
ஒரு போட்டோக் கொப்பிக் கடையின் பின்பாதி
என் அலுவலகம்.
பத்தொன்பது வருசமாய்ச் சிங்களத்தைத் தமிழாக்கி,
தமிழை ஆங்கிலமாக்கி,
மூலத்துக்குப் பிழையற்றது என்று சத்தியம் செய்து
ஊதா மையில் முத்திரை குத்துகிறேன்.

படிவத்தின் கட்டத்தைக் கூடு என்பார்கள் இந்த நாட்டில்.
பறவையைப் பூட்டுவதற்கும் அதே சொல்,
அது பொரிப்பதற்கும் அதே சொல்.
யாரும் நிரப்பாமல் விட்ட கூட்டையும்
நான் மொழிபெயர்த்தாக வேண்டும்.
"வெறுமை" என்று எழுதுவேன்.
அதற்கும் அதே கட்டணம்தான்.

இருபத்திரண்டு வயதில்
பம்பலப்பிட்டியில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டேன்.
செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். பஸ் போய்விட்டது.
கொஞ்ச நேரத்தில், கோட்டைப் பக்கமாய், அந்தச் சத்தம்.
காலி வீதிக் காகங்கள் முழுக்க ஒரேயடியாய் எழும்பின.
வெள்ளவத்தையிலேயே ஏறி
ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்த
ஜெகசோதி
வீட்டுக்கு வரவில்லை.

"உன்னை ஏதோ ஒண்டுக்காகத்தான் விட்டு வைச்சிருக்கு"
என்றார், செத்தவீட்டில் சோடா உடைத்துக் கொடுத்த ஒருவர்.
அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை.
அம்மா அந்த ஒற்றைச் செருப்பைக் கழுவி
பொலித்தீன் பையில் சுற்றி
சாமித்தட்டின் கீழ்ப்பலகையில் வைத்தா.
பெரிதாய்ப் படிப்பேன் என்று பார்த்தார்கள்.
பிறகு, பெரிதாய் ஒரு பிள்ளை பெறுவேன் என்று.
பிறகு, குறைந்தபட்சம்,
கடலில் போகிற யாரையாவது இழுத்துப் போடுவேன் என்று.
நானும் பார்த்தேன்.
பிறந்தநாள்கள் வட்டிக்காரரைப் போல வாசலில் நின்றன.

ஒன்றை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.
என்னை விட்டதற்கு ஒரு பொருள் இருந்தால்
அவளை எடுத்ததற்கும் ஒன்று இருந்தாக வேண்டும்.
அந்த வசனத்தை எழுதி
அவளுடைய தாயின் கையில் கொடுக்க
எந்த மொழியிலும் என் முத்திரை இறங்காது.

அம்மா மாசியில் போய்விட்டா.
பிளட்டை ஒதுக்கும்போது பை கிடைத்தது.
வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில், குடையின் கீழ்,
செருப்புத் தைக்கிறவர் வாரை வெளிச்சத்தில் பிடித்தார்.
"மிஸ், இது சரியான மலிவுப் பசை.
ஒரு மழை பட்டால் விட்டுரும்.
தைக்க ஏலாது."
என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த ஆளின் குடையை வாங்கிக் கம்பியை நிமிர்த்தினார்.

மலிவுப் பசை. முதல் நாள் மழை.
மூலப்பிரதியில் இருந்தது அவ்வளவுதான்.
இருபத்தெட்டு வருசமாய்
இல்லாத பக்கங்களை மொழிபெயர்த்திருக்கிறோம்,
நானும் அம்மாவும் அந்தச் சோடா மனிதரும்.

தண்டவாளத்தைக் கடந்து
கருங்கல்லில் போய்க் குந்தினேன்.
பயம் வரும் என்று காத்திருந்தேன். பசி வந்தது.
பிறகு, தன் பாட்டில், ஜெகசோதி வந்தாள்.
பலியாக வரவில்லை, கணக்காக வரவில்லை,
மாங்காய் அச்சாறு தின்றுவிட்டு
என் பாவாடையில் விரலைத் துடைக்கிற கழுதையாக.
மூக்குச் சிந்தச் சிந்த அழுதேன்.
களுத்துறை ரயில் கடக்கையில்
மிதிபலகையில் தொங்கிய பெடியன் ஒருவன்
எனக்கு ஏன் கை காட்டினான்?
அவனுக்கே தெரிந்திராது.
நானும் காட்டினேன்.

நடைபாதையில் நீலச் செருப்பொன்று வாங்கினேன்,
ஒரு அளவு பெரிசு, நடந்தால் கைதட்டுகிறது.
நூறாம் இலக்க பஸ் வந்தது.
ஏறாமலும் விட்டிருக்கலாம்.
ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது.
இத்தனை காலம் தொடாத இடம்.
இருந்தேன்.

"கொஹேத?" என்றான் கொண்டக்டர்.
தத்துவமாய்க் கேட்கவில்லை, அவனுக்குச் சில்லறை வேண்டும்.
நூறு ரூபாய்க்கு எவ்வளவு தூரம் வருமோ
அவ்வளவுக்குக் கிழி, தம்பி.