பதினொன்று

ஆறு போதும் என்று எழுதியிருந்தார்கள்
கிராஸ் நகரத்து ஸ்டூடியோக்காரர்கள்.
என்னிடம் முப்பத்தொன்று இருக்கிறது.
அதில் முடிந்தவை ஒன்பது.
முடிந்ததாகப் பொய் சொல்லத் தக்கவை
இன்னும் நான்கு.

மரிபோர். மார்ச் மாதம்.
திராவா ஆறு மழைத்தண்ணீரில் தடித்து ஓடுகிறது.
சமையலறை மேசைமேல் பத்தொன்பது கேசட்டுகள்,
டிஸ்க் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பா,
திறந்தாலே இரையத் தொடங்கும் மடிக்கணினி.

முதலில் வருடவாரியாக அடுக்கினேன்.
எண்பத்தாறு மேலே, போன வருடம் கீழே.
இரண்டு நிறம், பதினாறு நிறம்,
எண்ண முடியாத நிறம்,
பிறகு வேண்டுமென்றே மறுபடி இரண்டு நிறம்.
இப்போது அதற்குப் பெயர் ரெட்ரோ.
அன்று அதற்குப் பெயர்
நினைவகம் போதவில்லை.

கலைத்தேன்.
பழையது ஒரு கோப்புறை, புதியது ஒன்று.
‘காளான் சுரங்கம்’ எதில் போகும்?
கேசட்டில் பிறந்தது,
தொண்ணூற்றெட்டில் குறுவட்டுக்குக் குடிபெயர்ந்தது,
ஏழு வருடம் முன்பு செல்பேசிக்கு வந்தது.
இங்குமங்கும் அதை இழுத்ததிலேயே
மவுஸின் பேட்டரி தீர்ந்தது.

சரி, படமாவது பிடிப்போம் என்று
ஒவ்வொன்றாக ஓட்டினேன்.
ஓட்டினால் சாக வேண்டும்.
சாகாமல் மூன்றாம் கட்டம் தாண்ட
இந்த விரல்களுக்கு இப்போது வராது.
காளான்காரன் விழுந்தான்,
எட்டுக்கு எட்டுப் பிக்சலில் தொப்பியும் சேர்த்து.
ரயில் கூரைமேல் ஓடுகிறவள் விழுந்தாள்.
எழுபதாயிரம் மயிர் முளைத்த முப்பரிமாண நரி
பாலத்திலிருந்து விழுந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
மூன்று பேரும் ஒரே மாதிரி விழுகிறார்கள்.
ஒரு மூச்சு அதிகம் எடுத்துக்கொண்டு,
தரை ஏதோ சொல்ல வருவதைக்
காது கொடுத்துக் கேட்டபடி.

நிரலைத் திறந்தேன்.
வீழ்ச்சிக்கு நேரே பதினொன்று.
அடுத்ததிலும் பதினொன்று.
நரியின் விளையாட்டில்
எஞ்சின் இலவசமாய்த் தரும் புவியீர்ப்பை அணைத்துவிட்டு,
ஒரு தசமப் புள்ளி வைத்து,
கையால் எழுதியிருக்கிறேன் அதே பதினொன்றை.
ஏன் என்று குறிப்பு ஏதுமில்லை.
முதல் கேசட் அட்டையின் உட்புறம் மட்டும்
பென்சிலில்:
இரண்டு மாடி. செஸ்ட்நட். அலென்கா.

அவள் செல்யேவில் பல் மருத்துவர்.
பதினாறு வருடமாய்ப் பேசவில்லை; சண்டையெல்லாம் இல்லை.
‘வாயைத் திறந்தபடி ஒருவர் காத்திருக்கிறார்,
சீக்கிரம் சொல்’ என்றாள்.
சொன்னேன். சிரித்தாள்.
‘ஆமாம், நான்தான் போட்டேன்,
நீ கீழே ஸ்டாப்வாட்ச்சோடு நின்றாய்.
ஆனால் அது இரண்டு இல்லை, மூன்றாவது மாடி.
என் அத்தை அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தாள்.
மேலே ஏறியதை
உன்னிடம் கத்திச் சொன்னேனே, கேட்கவில்லையா?’

கேட்கவில்லை.
மூன்று மாடி நேரத்தை
இரண்டு மாடி உயரத்துக்கு வகுத்துவிட்டேன்.
அன்றிலிருந்து என் ஆட்கள் எல்லாரும்
சற்று மெதுவாகவே சாகிறார்கள்.
‘உங்கள் தாவல்கள் மென்மையானவை’ என்று
ஒரு பத்திரிகை பாராட்டியது உண்டு.
அதை வெட்டிக் கண்ணாடி போட்டு
மாட்டியும் வைத்திருக்கிறேன்.

படிவத்தில் ‘உங்கள் பங்கு’ என்றொரு கட்டம்.
முப்பத்தொன்றிலும் ‘தனியாக’ என்று
காலையிலேயே நிரப்பியிருந்தேன்.
ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஒரே அழுத்தில் அழிக்க வழி உண்டு. செய்யவில்லை.

மறுபடி அழைத்தேன்.
‘பேரை எப்படிப் போட? ஹ்ரிபெர்னிக் என்றா?’
பின்னால் துளைப்பான் சத்தம். நின்றது.
‘அது கல்யாணத்துக்கு அப்புறம் வந்தது.
காயைப் போட்டவள் அலென்கா துர்ன்ஷெக்.
அவள் பேரையே போடு.’

யாராவது விழுகிற விளையாட்டுகளாகப் பார்த்து
ஆறு அனுப்பினேன்.
வருடம் வரிசையாக இல்லை.
பிறகு கேசட்டுகளை ஒரு பக்கம் தள்ளி
ரொட்டிக்கு இடம் பண்ணினேன்.
ஒன்று நழுவியது.
எனக்குக் குனிய நேரமில்லை,
அது பன்னிரண்டில் விழுந்தது.