பொக்கற் பரிசோதனை

காலை ஆறே கால், நிலாவெளிச் சந்தி.
பதினொரு பிள்ளைகள், ஒன்பது இருக்கை,
கதவு ஒருதரத்தில் பூட்டாத என் வெள்ளை வான்.
ஏற முன்னம் பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும்.
இது என் சட்டம்.
அறம் கிறம் ஒன்றுமில்லை இதற்குப் பின்னால்.
போன மாரியில் சப்ரினின் தண்ணீர்ப் போத்தலில் இருந்த
வாற்பேத்தைகள்
மூன்று நாள் இருக்கைக்கடியில் கிடந்ததில்
வான் கழுவ எனக்கு இரண்டாயிரம் போனது.

பிறகு ஓர் ஓணான், கழுத்தில் நூலோடு.
தொப்பிக்குள் ஒரு மைனாக்குஞ்சு, வாயை மூடவேயில்லை.
கெவினின் பென்சில் பெட்டியில் கறையான்.
"பழக்கப் போறன் அங்கிள்."
எதற்குப் பழக்க என்று கேட்டேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றான்.
இன்னும் யோசிக்கிறான்.

ஊருக்குள் வந்தால் மான்கள்.
மைதானத்து மதிலோரம், பஸ் நிலையத்தில்,
மரக்கறிக் கடை வாசலில் கோவா இலைக்காக
கடன் கொடுத்தவரைப் போல் நின்றுகொண்டிருக்கும்.
யதுர்னாவுக்கு ஒரு குட்டி வேணும்.
"மாட்டுக் கொட்டில் சும்மாதானே கிடக்கு, கயிறும் கிடக்கு."
கயிறு என்றதும் குட்டி தலையைத் தூக்கியது.
தற்செயல்தான்.
நான் ஹோர்ன் அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தினேன்.
அது ஒரு சோற்றுப் பார்சலை முகர்ந்து, வேண்டாமென்று விட்டு,
தாய்க்குப் பின்னால் வீதியைக் கடக்கும்வரை
பின்னால் நின்ற ஓட்டோக்காரன் என்னைப் பேசிக்கொண்டிருந்தான்.
யதுர்னா மெல்லச் சொன்னாள்:
"அதுக்கு இங்கதான் நிறைய வேலை இருக்குப் போல."

இப்படிப்பட்ட நான்தான்
ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக் கரையில்
அந்தச் சங்கை எடுத்தேன்.
பெருவிரல் அளவு. பால் நிறம்.
விளிம்பில் தேத்தண்ணிக் கறை போல ஒரு வளையம்.
வான் முகப்பில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வெறும் ஓடென்றுதான் நினைத்தேன், சத்தியமாக.
இல்லை,
வடிவாக இருந்தது, அதனால் உள்ளே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, ஆறாம் கட்டையடியில்
சங்கு நடந்தது.
பிள்ளையாரை அரைச் சுற்று வந்து,
ஊதுபத்திச் சாம்பலில் புள்ளி புள்ளியாய்க் கால் வைத்து,
இடப்பக்க மூலைக் கண்ணாடியில் முட்டி நின்றது.
திரும்பவும் முட்டியது.
அந்தப் பக்கம், பனைகளுக்கிடையில்,
ஒரு கீற்றுக் கடல்.

வானுக்குள் சத்தமில்லை.
எல்லோரிலும் சின்னவள், முன்பல் விழுந்த மிதுஷா,
"அங்கிள், பொக்கத்து" என்றாள்.
ஓரங்கட்டி நிறுத்தி, இழுத்துக் காட்டினேன்.
ஒரு வெற்றிலைச் சரை, ஐம்பது ரூபாய்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

உப்புவெளியில் கடலுக்குத் திருப்பினேன்.
ஈர மணலில் வைத்தோம்.
சங்கு சங்காகவே கிடந்தது.
"எல்லாரும் பின்னுக்குப் போங்கோ,
மனுசர் வாசம் போகோணும்" என்றான் கெவின்.
பத்தடி போனோம். இன்னும் பத்தடி.
வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்
பதினொரு வெள்ளைச் சீருடையும் ஒரு சாரமும்
ஒன்றுமில்லாத மணலைப் பார்த்து நிற்பதைப் பார்த்தார்கள்.
முதலில் ஒரு கால்.
பிறகு கண்கள், குண்டூசித் தலையளவு.
பிறகு வீடே எழும்பி நடந்தது
எங்கள் பக்கம் ஒருதரமும் திரும்பாமல்.

"ஒரு தேங்க்ஸ்கூட இல்ல" என்றான் கெவின்.
"நாங்கதானே களவெடுத்தது" என்றாள் யதுர்னா.
நாங்கள் என்று சொன்னாள்.
அதை நான் கவனித்தேன்.

பாடசாலைப் படலை பூட்டியிருந்தது.
காவலாளி கொப்பியை நீட்டினார்.
பிந்தியதற்குக் காரணம் என்ற கட்டத்தில்
பதினொரு கையெழுத்தில் ஒரே சொல்:
நண்டு.
நண்டு.
ஓரிடத்தில் நன்டு.
அடியில் ஒரு கோடு வெறுமையாய் விட்டு,
பேனையை என்னிடம் தந்தார்கள்.