காதுக்கல்

மெய்யியலை யாரும் ஆசைப்பட்டு எடுக்கவில்லை.
ட்ரோம்சோவில் மீனைப் படிக்க வந்தவனும்
செவிலியர் படிப்புக்கு வந்தவளும்
முதல் பருவத்தில் இதைத் தாண்டியாக வேண்டும்.
கடனே என்று போனோம்.

புதன்கிழமை, காலை எட்டேகால்.
நவம்பர் முடிவில் எட்டேகாலையும் நள்ளிரவையும்
பிரித்துச் சொல்லக் கடிகாரம் ஒன்றுதான் சாட்சி.
முந்நூறு இருக்கை.
மூன்றாம் வாரம் நூற்றுப் பத்துப் பேர்.
ஐந்தாம் வாரம் காப்பி இயந்திரம் பழுதானது,
அறுபது பேர்.

போர்கில்ட் ஔனே வாசலிலேயே
பனிக்காலணியைக் கழற்றுவார்.
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு மேடையில் நடப்பார்.
இடதுகால் பெருவிரலில் ஓட்டை.
"இங்கே ஓட்டை இருக்கிறதா,
இல்லை, கம்பளி இல்லாமலிருக்கிறதா?"
அவரே ஒருநாள் கேட்டார்.
சிரித்தோம்.
அவர் சிரிக்காமல் பதிலுக்கு நின்றார்.
நான்கு நிமிடம். நான் எண்ணினேன்.
அந்த அமைதி தாங்காமல் ஒருத்தி அழுதாள் என்று பின்னால் வதந்தி.
அழவில்லை, ஜலதோஷம்.
நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஊசி குத்துமுன் நோயாளியிடம்
வலி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கவா?"
சூல்வெய்க் இரண்டு வாரம் இதையே சொல்லிப் பொருமினாள்.
கலைமான் மேய்க்கும் வீட்டுப் பையன் ஆந்தே
கடைசி வரிசையில் தவறாமல் தூங்கினான்,
தேர்வில் முதல் தரம் வாங்கினான்.
எப்படியடா என்றால்,
"கண்ணை மூடினால் அவர் குரல் நன்றாகக் கேட்கிறது."

எய்வின் ஒரு மனு எழுதினான்:
கேட்கிறார், கேட்கிறார், பதிலை மட்டும் சொல்வதில்லை.
நாற்பத்தொரு கையெழுத்து. என்னுடையது பன்னிரண்டாவது.
அடுத்த புதன் அந்த மனுவையே திருத்திக்கொண்டு வந்தார்.
"இரண்டாம் பத்தி நன்றாக நிற்கிறது.
மூன்றாவதில் முடிவு முன்வாசல் வழியாகவே நுழைந்துவிட்டது.
நாற்பத்தொரு பேர் சொல்வதால் ஒன்று உண்மையாகாது,
பொய்யுமாகாது.
துறைத்தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன்."
தாளை நான்காக மடித்தார்.
மடிப்பு நேராக விழவில்லை, பிரித்து மறுபடி மடித்தார்.
அந்தக் கையைப் பற்றி மட்டும்
எங்களில் யாரும் பிறகு பேசவில்லை.

என் கட்டுரை திரும்பி வந்தது.
'அறிவு என்பது ஐயமற்ற உறுதி' என்று
எங்கேயோ பொறுக்கிய வரிக்குப் பக்கத்தில்,
ஓரத்தில், பென்சிலில்:
"இது உனக்குத் தெரியுமா, ஹால்வார்?"
அவ்வளவுதான். கீழே, தேறவில்லை.

மறுதேர்வில் ஒட்டி உரசிக் கரையேறினேன்.
மறந்தும் போனேன்.

இப்போது கடல் ஆய்வகத்தில் வேலை.
காட் மீனின் தலையைப் பிளந்து
காதுக்கல்லை எடுப்பேன், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.
இரண்டாக உடைத்து விளக்கடியில் வளையம் எண்ணுவேன்.
ஒரு குளிர்காலத்துக்கு ஒரு வளையம்.
படிவத்தில் வயதுக்கு ஒரே கட்டம்.

நேற்று ஒரு கல்.
ஏழு.
திருப்பி வைத்தேன், எட்டு.
ஓரத்தில் இருப்பது வளையமா, விளக்கின் நிழலா?
மணி மூன்றே முக்கால்.
நான்கு மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஐந்துக்கு.
ஏழு என்று எழுதி எழுந்துவிட்டேன்,
ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தும்விட்டேன்.

அப்போது பென்சில் கீறும் சத்தம்.
ஆறு குளிர்காலமாய்க்
காதில் போட்டுக்கொள்ளாத கேள்வி
காதுக்குள்ளேயே கிடந்து கல்லாகியிருக்கிறது.

உட்கார்ந்தேன். அழித்தேன்.
'ஏழு அல்லது எட்டு' என்று எழுதினேன்.
கட்டம் போதவில்லை,
எட்டு மட்டும் கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போனது.

காலையில் மேற்பார்வையாளர் தூர்டிஸ்
படிவத்தோடு வந்து நின்றார்.
"கணினி ஒரு எண்ணைத்தான் வாங்கும்.
இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அந்தச் சொல்லைத் திரும்பிப் பார்த்தேன்.