அறுபத்திரண்டு

துறைமுக அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது.
குறை கண்டுபிடித்தால்தான் எனக்குச் சம்பளம்.
சிலோவே தீவில் மழைக்கு நேரம் காலம் கிடையாது;
ஆய்வுப் படிவத்தின் முதல் பக்கம்
முதல் கேள்விக்கு முன்பே ஊறிப்போயிற்று.

படகு சிறியது. மஞ்சள் உரிந்து
அடியில் பழைய நீலம் தெரிந்தது.
அதையே முதல் குறையாக எழுதினேன்.

விடியாத ஆறு மணிக்கு
கேப்டன் எர்மிந்தா கயூன்
பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து
உயிர்காப்பு உடைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
ஒவ்வொன்றின் வாரையும் ஒருமுறை சுண்டி இழுத்து.
அறுபத்திரண்டு.
பதினோரு வருடமாக அதே அறுபத்திரண்டு.
ஒன்றுகூட இதுவரை கடலில் இறங்கியதில்லை.

"பார்த்தாலே தெரியுமே" என்றேன்.
"கண் நேற்றைய கணக்கைச் சொல்லும்" என்றாள் நிமிராமலே.
"விரலுக்குத்தான் இன்றைக்கு எத்தனை என்று தெரியும்."

பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன்.
மற்றப் படகுகளில் 'தவறுகள்' என்கிற கட்டம்
விருந்தாளி வரும் நாளின் மேஜைவிரிப்புப் போலிருக்கும்.
இதில் எழுத்து நிரம்பி
ஓரத்தில் ஏறி, அட்டை வரை போயிருந்தது.

*கயிற்றை அவசரத்தில் கட்டினேன். என் தவறு.*
*பயணிகள் முன்னால் எலியாசரிடம் கத்தினேன். என் தவறு.*
*மூடுபனியில் கிளம்பினேன். எதுவும் ஆகவில்லை.*
*இருந்தாலும் தவறு.*

அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லில்
என் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

முதல் இரண்டு வருடமும் அவள் கையெழுத்து மட்டும்.
மூன்றாம் வருடம்தான் இயந்திரக்காரர் எலியாசர் மன்சீல்லா,
எழுத்துப்பிழைகளோடு ஓர் எண்ணெய்க் கசிவு.
ஏழாம் வருடம், புதிதாய்ச் சேர்ந்த ஒசியேல்:
*காவலில் தூங்கிவிட்டேன். நான்கு நிமிடம்.*
*யாரும் பார்க்கவில்லை.*

பிறகு ஓர் ஆகஸ்ட் மாதம்.
அதை ஒசியேலே வாய்விட்டுச் சொன்னான்.

அன்று கேப்டனுக்குப் பல்வலி.
வீங்கிய தாடையோடு, எண்ணாமல்,
நேராகச் சுக்கானுக்குப் போய்விட்டாள்.
அவன் எண்ணினான். அறுபத்தொன்று.
திரும்ப எண்ணினான். அறுபத்தொன்று.
மேலே நாற்பது பேர், உருளைக்கிழங்கு மூட்டைகள்,
கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிற அக்கார்டியன்காரர்,
தாயைத் தேடிக் கத்தும் ஒரு கன்றுக்குட்டி.
சங்கும் ஊதியாயிற்று.
கயிற்றை அவிழ் என்றாள்.
மாட்டேன் என்றான்.

"முழங்கால் நடுங்கியது ஐயா."
"எந்த முழங்கால்?"
கேபினுக்குள்ளிருந்து அவள் குரல்.
"இரண்டும்தான், கேப்டன்."

தேடினார்கள். கன்றுக்குட்டிக்கு அடியில்கூட.
கடைசியில் கிடைத்தது அவள் நாற்காலியில்:
முந்தின இரவு முதுகுக்கு
அவளே திணித்துக்கொண்ட மெத்தையாக.

*பத்தொன்பது நிமிடத் தாமதம்.*
*காரணம்: கேப்டன்.*
*கயிற்றை அவிழ்க்காதவன்: ஒசியேல்.*

அதற்குக் கீழே ஏதோ எழுதி அடித்திருந்தாள்.
விளக்கருகே தூக்கிப் பார்த்தேன்.
படிக்க முடியவில்லை.
அவளிடம் கேட்கவும் இல்லை.

இரவு, விடுதி அறையில், அறிக்கையை முடித்தேன்.
ஐந்து குறைகள்; ஐந்தும் பெயிண்ட், பலகை, ஆணி.
என் தவறுகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில்
நுணுக்கி எழுதவேண்டியிருந்தது:

*தீயணைப்பான்கள் நான்கும் சரி என்று குறித்திருக்கிறேன்.*
*பார்த்தேன்.*
*தொடவில்லை.*

நாளை ஆறு மணிக்கு
மறுபடி அந்தப் படகுக்குப் போகவேண்டும்.